மாட்டுக்கு 1965-லேயே தடை... நாய்க்கு மட்டும் ஏன் முள்? - ப்ராங், ஷாக் காலர் சர்ச்சை ஓர் அலசல்

தீபாவளி விடுமுறைக்குத் திட்டக்குடி போயிருந்தேன். வெலிங்டன் ஏரிப் பக்கம் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனால், தெருமுனையிலேயே குரைத்துக்கொண்டு ஓடிவரும் மணி அன்றைக்கு வரவில்லை. மணி ராஜபாளையம் கலப்பு, வயது இரண்டரை. திண்ணை ஓரமாகப் படுத்திருந்தது. கழுத்தில் பளபளவென்று ஒரு இரும்புச் சங்கிலி. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு முட்கள், உள்பக்கமாகக் கழுத்தைப் பார்த்தபடி.

"ஆன்லைன்ல வாங்குனதுப்பா. பால்காரர் வண்டிய பாத்தா போதும், கையை பிச்சிக்கிட்டு ஓடுது. போன மாசம் உங்க பெரியம்மாவ இழுத்துத் தள்ளி முழங்கால்ல அடி. ஒரு வீடியோல சொன்னாங்க, இத மாட்டுனா ரெண்டே நாள்ல அடங்கிடும்னு. அடங்கிடுச்சு பாரு" என்றார் பெரியப்பா.

உண்மைதான், அடங்கியிருந்தது. நான் கையை நீட்டியபோது வாலை ஆட்டாமல் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டது. உறுத்தியது அதுதான்.

பெரியப்பா கொடுமைக்காரர் இல்லை. மணிக்கு ஒரு வேளை சாப்பாடு இறங்கவில்லை என்றாலே விருத்தாசலம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிற ஆள். அவர் கையிலும் இந்தக் கருவி வந்துவிட்டது என்றால், இது சில கல்நெஞ்சக்காரர்களின் பிரச்சினை இல்லை. நாயைப் பிடிக்கும், ஆனால் எப்படிப் பழக்குவது என்று தெரியாத லட்சக்கணக்கான வீடுகளின் பிரச்சினை.

சரி, இந்த காலர்கள் உண்மையில் என்ன செய்கின்றன? வேலை செய்கின்றனவா? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்படி வேலை செய்கின்றன?

ப்ராங் காலர் என்பது இரும்புக் கண்ணிகளை ஒன்றோடு ஒன்று கோத்த பட்டை. கண்ணிகளின் முனைகள் மழுங்கலான முட்களாக நாயின் கழுத்தைப் பார்த்து வளைந்திருக்கும். நாய் சும்மா நடந்தால் அவை தோலின் மேல் லேசாக இருக்கும். நாய் இழுத்தாலோ, கயிற்றைப் பிடித்திருப்பவர் வெடுக்கென்று சுண்டினாலோ பட்டை இறுகி, எல்லா முட்களும் ஒரே நேரத்தில் கழுத்தைச் சுற்றிக் கிள்ளும்.

ஷாக் காலர், அல்லது இ-காலர், பேட்டரியில் ஓடுவது. பட்டையில் இருக்கும் இரண்டு உலோக முனைகள் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். உரிமையாளர் கையில் ரிமோட். பட்டனை அழுத்தினால் மின் அதிர்வு போகும். எவ்வளவு என்பதைக் கூட்டலாம், குறைக்கலாம். பலவற்றில் வெறும் சத்தமோ நடுக்கமோ மட்டும் தரும் வசதியும் உண்டு. இன்னொரு வகையில் ரிமோட்டே தேவையில்லை. நாய் குரைத்தால் தானாகவே ஷாக் அடிக்கும்.

இரண்டின் தத்துவமும் ஒன்றுதான். வேண்டாத காரியத்தை நாய் செய்தால் வலி அல்லது அசௌகரியம். செய்யாவிட்டால் அது நிற்கும். 'மென்மையான தூண்டல்', 'கரெக்‌ஷன்' என்றெல்லாம் விற்பவர்கள் பெயர் வைக்கலாம். ஆனால் நாய்க்கு அது பிடிக்காமல் இருந்தால்தான் கருவியே வேலை செய்யும். வலிக்கவே வலிக்காது என்றால் நாய் எதற்காக இழுப்பதை நிறுத்த வேண்டும்?

ஆதரிப்பவர்கள் சொல்வது என்ன?

அவர்கள் தரப்பையும் நியாயமாகக் கேட்க வேண்டும். முதல் வாதம், பாதுகாப்பு. 30, 40 கிலோ எடையுள்ள நாயை வயதான ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. என் பெரியம்மாவின் முழங்காலே அதற்குச் சாட்சி.

இரண்டாவது, பயம். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் மாடல் பள்ளிச் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. அதை ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 'தடை வரும், வராது' என்ற குழப்பத்துக்கு நடுவே, பெரிய நாய் வைத்திருப்பவர்கள் எப்படியாவது அதைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும் என்று நினைப்பது இயல்புதான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. ஆட்டைத் துரத்துகிற நாய், நெடுஞ்சாலையில் பாய்கிற நாய் - இவற்றை பிஸ்கட் காட்டி நிறுத்த முடியுமா? அதற்கு ஒரு ஷாக் மேல் இல்லையா? அப்படியே விட்டால் நாயை ஊரார் அடித்தே கொன்றுவிடுவார்களே?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்த மூன்றாவது வாதத்துக்கு ஆதரவாகவே ஒரு ஆய்வு இருக்கிறது. 2024-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. வேகமாக ஓடும் ஒரு பொருளைத் துரத்தக் கூடாது என்று 19 நாய்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இ-காலர் போட்ட நாய்கள் துரத்துவதை நிறுத்தின. தீனி கொடுத்துப் பழக்கிய நாய்கள் நிறுத்தவில்லை. ஆகவே, 'ஷாக் காலர் வேலையே செய்யாது' என்று சொல்வது சரியல்ல. குறிப்பிட்ட சூழ்நிலையில், குறிப்பிட்ட செயலை அது வேகமாக நிறுத்தும். ஆனால் அதே ஆய்வில் ஷாக் வாங்கிய நாய்கள் வலியில் கத்தியதும் பதிவாகியிருக்கிறது. 19 நாய்கள் என்பது சின்ன எண்ணிக்கை. அங்கே பட்டனை அழுத்தியவர்களும் அனுபவமுள்ள பயிற்றுநர்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் அல்ல.

எதிர்த் தரப்பில் பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு முக்கியமானது. 63 நாய்கள், மூன்று குழுக்கள். கூப்பிட்டால் வராத நாய்கள் என்று உரிமையாளர்களே சொன்னவை பல. ஒரு குழுவுக்கு இ-காலர் நிபுணர்கள் அந்தக் கருவியை வைத்தே பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே நிபுணர்கள் கருவி இல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு, பரிசு கொடுத்துப் பழக்கும் பயிற்றுநர்கள். 2020-ல் வெளியான முடிவு: ஷாக் காலரால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. சொன்னதை வேகமாகக் கேட்டதில் மூன்றாவது குழுதான் முந்தியது.

அதே 2020-ல் போர்ச்சுக்கல்லில் இருந்து வந்த ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது: பயிற்சிக்குப் பிறகு நாயின் மனநிலை எப்படி இருக்கிறது? 92 வீட்டு நாய்களைப் பார்த்தார்கள். அதட்டல், சுண்டல், வலி என்று பழக்கும் பள்ளிகளில் படித்த நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம். எச்சிலில் மன அழுத்த ஹார்மோனும் அதிகம். பிறகு ஒரு கிண்ணச் சோதனை. ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் தீனி இருக்கும், மறுபக்கக் கிண்ணம் எப்போதும் காலி என்று நாய்க்குப் பழக்கிவிட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். பரிசு வாங்கிப் பழகிய நாய்கள், 'இருந்தாலும் இருக்கும்' என்பது போல வேகமாகப் போய்ப் பார்த்தன. தண்டனையில் பழகியவை தயங்கித் தயங்கிப் போயின.

திண்ணை ஓரத்தில் காதை மடித்துப் படுத்திருந்த மணிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நாய் யாரைக் குற்றவாளி ஆக்குகிறது?

இதுதான் பலரும் யோசிக்காத விஷயம். மணிக்கு முள் குத்துகிற அந்த நொடியில் அதன் கண் முன்னால் இருப்பது யார்? பால்காரர். 'நான் இழுத்ததால்தான் குத்துகிறது' என்று நமக்குப் புரியும். நாய்க்கு அப்படியே புரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'அந்த வண்டி வரும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது' என்றும் அது முடிச்சுப் போடலாம். வண்டிக்குப் பதில் எதிரே வருவது பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருந்தால்?

இன்னொன்று, உறுமல். உறுமல் என்பது நாய் கொடுக்கிற எச்சரிக்கை மணி. உறுமும்போதெல்லாம் ஷாக் கொடுத்தால் உறுமல் நின்றுவிடும். பயமோ கோபமோ நிற்காது. எச்சரிக்கை கொடுக்காமல் நேரடியாகக் கடிக்கிற நாய் உருவாகிற ஆபத்து இதில் இருக்கிறது. விலங்கு நடத்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அமெரிக்க விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும் பரிசு முறைப் பயிற்சியையே பரிந்துரைத்தது. வலிதரும் முறை அவசியம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அதாவது, பாதுகாப்புக்காக வாங்குகிற காலரே பாதுகாப்பைக் குறைக்கலாம்.

உடம்புக்கு வரும் பாதிப்பு தனி. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. ஷாக் காலரின் முனைகள் ஒரே இடத்தில் மணிக்கணக்காக அழுத்தினால் புண் வரும். கழுத்தில் ஒரு சின்னக் காயம், அதில் ஈ மொய்த்துப் புழு வைப்பது வரை போகும் என்பது கிராமத்தில் நாய் வளர்த்த எல்லோருக்கும் தெரியும்.

மற்ற நாடுகளில் என்ன நிலை?

வேல்ஸ் 2010-லேயே ஷாக் காலரைத் தடை செய்தது. ஆடு வளர்ப்பு அதிகமுள்ள நாடு அது என்பதைக் கவனிக்கவும். ஸ்பெயினின் 2023 விலங்கு நலச் சட்டம் மின் காலர், கழுத்தை நெரிக்கும் காலர் போன்றவற்றுக்குத் தடை போட்டது. ஜெர்மனியில் 2006-ல் உயர்மட்ட நிர்வாக நீதிமன்றத் தீர்ப்பு ஷாக் காலர் பயன்பாட்டுக்குக் கதவடைத்தது. 2022 தொடக்கத்தில் நாய்ப் பயிற்சியில் முள் காலருக்கும் தடை வந்தது. அப்போது பெர்லின் காவல்துறை, இனி நாய்களைக் கட்டுப்படுத்த முடியாது என்று தன் பாதுகாப்பு நாய்களைக் களத்துக்கு அனுப்புவதையே நிறுத்தி வைத்தது. போலீஸ் நாய்க்கும் விலக்கு இல்லை என்பதுதான் அங்கே செய்தி.

எல்லா இடத்திலும் இது சுலபமாக நடக்கவில்லை. இங்கிலாந்தில் ஷாக் காலர் தடை 2024 பிப்ரவரி 1 முதல் என்று திட்டமிடப்பட்டது. ஆனால் அதற்குள் நாடாளுமன்ற நடைமுறை முடியாததால் அமலுக்கு வரவில்லை. அமெரிக்காவில் நாடு தழுவிய தடை இல்லை. ஆனாலும் பெட்கோ என்ற பெரிய செல்லப்பிராணிக் கடைத் தொடர், 2020-ல் தானாகவே ஷாக் காலர் விற்பனையை நிறுத்தியது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நம் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கதை சென்னையில் தொடங்குகிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1953-ல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

அந்தச் சட்டத்தின் கீழ் 1965-ல் வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான விதிகள் வந்தன. அதில் 8-வது விதி: விலங்கை ஓட்டவோ கட்டுப்படுத்தவோ முள் வைத்த குச்சி, முள் வைத்த கடிவாளம், நுகத்தடி என எதையும் பயன்படுத்தக் கூடாது. நம் ஊர் மொழியில் சொன்னால், ஆணி வைத்த தார்க்குச்சிக்குத் தடை.

யோசித்துப் பாருங்கள். ஒரு டன் கரும்பை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிற மாட்டுக்கே முள் கூடாது என்று 60 வருஷத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டோம். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த விதி. வாழ்வாதாரம் என்ற காரணத்தைக்கூட அது ஏற்கவில்லை. ஆனால் வீட்டில் செல்லமாக வளர்க்கிற நாய்க்கு, கழுத்தைச் சுற்றி முள் மாட்டலாம். ஒரு க்ளிக்கில் வீட்டுக்கே வரும்!

அந்த விதி வண்டி மாட்டுக்கும் குதிரைக்குமானது என்பதால் நாய்க்கு நேரடியாகப் பொருந்தாது. ப்ராங் காலர், ஷாக் காலர் என்று பெயர் சொல்லித் தடுக்கும் மத்தியச் சட்டமும் இல்லை. மிச்சம் இருப்பது 1960 சட்டத்தின் 11-வது பிரிவு. தேவையில்லாத வலியோ வேதனையோ கொடுப்பது குற்றம் என்கிறது அது. எது 'தேவையில்லாத' வலி? அங்கேதான் வாதம் முட்டி நிற்கிறது. அப்படியே குற்றம் நிரூபணமானாலும் முதல் முறை அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை அப்படியே. காலரின் விலை அதைவிடப் பல மடங்கு. அபராதத்தை உயர்த்த 2022-ல் ஒரு வரைவு மசோதா மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை.

அதே 11-வது பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. வழக்கமாகக் கட்டியே போடும் நாய்க்கு நியாயமான அளவு நடை, ஓட்டம் தராமல் இருப்பதும் குற்றம். இதைப் படித்துக் காட்டியபோதுதான் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏனென்றால், மணி ராத்திரி பகல் என்று கட்டியே கிடக்கும். காலையில் ஒரு கால் மணி நேரம் அவிழ்ப்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தில்தான் அது கையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது! ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் ஓடிய வம்சம். நாள் முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டு, அவிழ்த்ததும் இழுக்கிறது என்று முள் மாட்டுவது என்ன நியாயம்?

அப்போ, இழுக்கிற நாயை என்ன செய்வது?

முதலில், கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. ஹார்னஸ் என்று கேட்டாலே கடையில் தருவார்கள். மார்புக்கு முன்னால் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்கி, கயிற்றை அந்த வளையத்தில் மாட்ட வேண்டும். நாய் இழுத்தால் அதன் உடம்பே பக்கவாட்டில் திரும்பிவிடும். கழுத்து நெரியாது.

இரண்டாவது, தூரம். பால் வண்டி பத்தடியில் வரும்போது எந்தப் பயிற்சியும் எடுபடாது. வண்டி தெருமுனையில் தெரியும்போதே, நாய் இன்னும் நிதானமாக இருக்கும்போதே, ஒரு துண்டு அவித்த முட்டை. வண்டி தெரிந்தால் முட்டை; மறைந்தால் நிறுத்திவிட வேண்டும். நாலைந்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம் பக்கத்தில். நாய் பதறினால் பழைய தூரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். விலை உயர்ந்த 'ட்ரீட்' எல்லாம் வேண்டாம். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழித் துண்டு போதும்.

மூன்றாவது, கயிறு தளர்வாக இருக்கும்போது மட்டும் நடை. இறுகினால் நீங்கள் அப்படியே நிற்க வேண்டும். முதல் வாரம் தெருவைத் தாண்டவே முடியாது, எரிச்சல் வரும். ஆனால் இழுத்தால் எங்கேயும் போக முடியாது என்பது நாய்க்குப் புரிந்துவிடும்.

ஆடு துரத்துகிற நாயா? அதற்கு நீளக் கயிறும் வேலியும்தான் பதில். ஆட்டுக்கு நடுவே அவிழ்த்துவிட்டு ரிமோட்டை நம்புவது இல்லை. பேட்டரி தீர்ந்த நாளில் என்ன செய்வீர்கள்? நிஜமாகவே ஆளைக் கடிக்கப் பாய்கிற நாய் என்றால் வாய்மூடி போட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் காது வலி, மூட்டு வலி இருப்பதும் உண்டு.

என்ன மாற வேண்டும்?

ஷாக் காலரால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் கருத்து இதுதான்: அதே பலனை வலி இல்லாமல் பெற வழி இருக்கும்போது, அந்த வலி 'தேவையில்லாத வலி'தான். சட்டம் பயன்படுத்தும் சொல்லும் அதுவே. ஆகவே 1965 விதியில் மாட்டுக்குக் கொடுத்த பாதுகாப்பை நாய்க்கும் நீட்டித்தாலே போதும். முள் காலரும் ஷாக் காலரும் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஆன்லைனில் விற்பது நிற்க வேண்டும். நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-ல் விதி வந்தது. நாய்க்குப் பயிற்சி கொடுப்பவருக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஒரு ஃபோனும் நாலு வீடியோவும் இருந்தால் யாரும் பயிற்றுநர் ஆகிவிடலாம் என்ற நிலை மாற வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது பெரியப்பாதான் பேச்சை எடுத்தார். அவர் சின்ன வயசில் கரும்பு வண்டி ஓட்டியவர். "எங்கப்பா தார்க்குச்சில ஆணி வைக்க விடவே மாட்டாரு. ஆணி குத்துன மாடு, நடக்கறதுக்குப் பதிலா மிரளத்தான் செய்யும்பாரு. அது தெரிஞ்சும் இத வாங்கிட்டு வந்துட்டேன் பாரு" என்றார். பெரியம்மா உடனே, "அப்ப என் முழங்காலுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலையில் பெரியம்மா மணியைப் பிடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் பெரியப்பாவே நடத்திக் கூட்டிப் போக வேண்டும் என்று முடிவானது.

போன வாரம் ஃபோனில் கேட்டேன். முள் காலர் இப்போது மாட்டுக் கொட்டகையில் தொங்குகிறதாம். மணி இன்னமும் சில நாள் இழுக்கிறதாம். "ஆனா வண்டிய பாத்ததும் இப்ப மொதல்ல என் கையைத்தாம்பா பாக்குது, முட்டை இருக்கான்னு" என்று சிரித்தார் பெரியப்பா.